மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? புது வண்டியில் வேண்டாத எலக்ட்ரானிக்ஸைத் தவிர்க்க வழி உண்டா?

பழைய கியர் எழுதியது:

வணக்கம். பல வருடமாக ஒரே மேனுவல் வண்டியைத்தான் ஓட்டி வருகிறேன், இனிமேலும் இழுக்க முடியாது. அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது, சில உதிரி பாகங்கள் கிடைப்பதே இல்லை. புதிதாக வாங்கலாம் என்று சில வண்டிகளை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினில் குறை சொல்ல எதுவும் இல்லை, சத்தம் குறைவு, இழுவையும் நன்றாக இருக்கிறது. மற்ற விஷயங்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு வண்டியில் சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைகிறது, கிளட்சை மிதித்தால் திரும்பக் கிளம்புகிறது. அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, சரி என்று அழுத்திவிட்டேன். வண்டியை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் பழையபடி அதே கதை. இன்னொரு வண்டியில், குறுகலான சாலையில் சைக்கிளில் போகிறவருக்கு இடம் விட்டு நடுக்கோட்டுப் பக்கமாக ஒதுங்கினேன். ஸ்டியரிங் என் கையையும் மீறி அந்தச் சைக்கிள் இருந்த பக்கமே திரும்பப் பார்த்தது. கோட்டைத் தாண்டுகிறேனாம், என்னைக் காப்பாற்றுகிறதாம். அந்த நொடி எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வேறொன்றில் ஏசி காற்றைக் குறைக்க வேண்டுமானால் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு படத்தைத் தொட்டு, அப்புறம் விரலால் இழுக்க வேண்டும். பழைய வண்டியில் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையாலேயே தடவித் திருப்பிவிடுவேன். கைபிரேக் லீவர் எதிலுமே இல்லை, ஒரு சின்னப் பொத்தான்தான்.

என் மனதில் இருக்கிற கணக்கு இதுதான்: மேனுவல் கியர் உள்ள, விலை குறைந்த, ஆரம்ப நிலை மாடலாக எடுத்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இருக்காது, ரிப்பேரும் எளிதாக இருக்கும். இந்தக் கணக்கு சரிதானா? வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார், அவர் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறார். அப்படி எடுத்தால் ஏஎம்டி, சிவிடி, டிசிடி, டார்க் கன்வர்ட்டர் என்று என்னென்னவோ சொல்கிறார்கள், எது நீண்ட நாள் உழைக்கும்? எந்த எலக்ட்ரானிக்ஸை வேண்டாம் என்று சொல்லலாம், எதை விடக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பர வாசகங்கள் வேண்டாம், அவை எனக்கு மனப்பாடம்.


ஸ்பேனர் கை எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது, முதலில் அதைப் பிரித்துவிடலாம். மேனுவல் எடுத்தால் எலக்ட்ரானிக்ஸ் குறையும் என்று நினைக்கிறீர்கள். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் வண்டிகளில் அது உண்மை இல்லை. ஆக்சிலேட்டருக்குக் கேபிளே கிடையாது. மிதியில் ஒரு சென்சார் இருக்கிறது, அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் ஒரு மோட்டாரைத் திருப்பி, எஞ்சினுக்குக் காற்று விடுகிற த்ராட்டிலைத் திறக்கிறது. கிளட்ச் மிதியில் ஒரு ஸ்விட்ச் உண்டு, அதை வைத்துத்தான் ஸ்டார்ட்-ஸ்டாப்பும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேலை செய்கின்றன. சில புது மேனுவல் வண்டிகளில் கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் ஒரு கணம் அப்படியே தொங்கும், கவனித்தீர்களா? அது கிளட்ச் கோளாறு இல்லை. புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்ப்யூட்டர் த்ராட்டிலை வேண்டுமென்றே மெதுவாக மூடுகிறது. அதாவது மூன்று மிதி இருக்கிற வண்டியிலும் உங்கள் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கியரை உங்கள் ஓட்டத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள், எலக்ட்ரானிக்ஸைத் தனியாகப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வகைகளுக்கு வருகிறேன். ஏஎம்டி என்பது உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே உலர் கிளட்ச்தான். உங்கள் இடதுகாலும் கையும் செய்கிற வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. எடை குறைவு, எரிபொருள் சிக்கனம், ஆனால் கியர் மாறும்போது ஒரு தொய்வு வரும், தலை லேசாக முன்னால் போய் வரும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துகிற பழக்கம் இருந்தால் கிளட்ச் தேய்ந்து சூடாகிவிடும், நீங்கள் மேனுவலில் ஹாஃப் கிளட்சில் நிற்பதும் இதுவும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் மேனுவலில் செய்கிறோம் என்று காலுக்குத் தெரியும், இதில் தெரியாது.

டிசிடி என்றால் இரண்டு கிளட்ச், ஒன்றில் ஒற்றைப்படை கியர்கள், இன்னொன்றில் இரட்டைப்படை. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாறுவதே தெரியாது, ஓட்ட அருமையாக இருக்கும். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32இல் வந்த பிறகுதான் இது சாதாரண வண்டிகளுக்குப் பரவியது. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகையா, உலர் வகையா என்று கேளுங்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு உலர் வகை ஏற்றதல்ல, சூடு போக வழி இருக்காது.

சிவிடியில் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லியும், கியர் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. 1958இலேயே நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பெல்ட் போட்டு அறிமுகப்படுத்தியது, இப்போது எஃகு பெல்ட். மிதமாக ஓட்டுகிறவருக்கு நல்லது. காலை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருக்கும், வேகம் பின்னால் வரும், சிலருக்கு அது பிடிக்காது. எண்ணெயை மாற்றாமல் விட்டால் பெல்ட் போய்விடும், போனால் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள்.

டார்க் கன்வர்ட்டர்தான் என் ஓட்டு. எதிரெதிரே இரண்டு மின்விசிறியை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, இதில் காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று எண்ணெயைத் திருப்பிவிடுவதால் கிளம்பும்போது இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக்கூடப் பெருகும். உரசித் தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லாததால் ஊர்ந்து போவது, ஏற்றத்தில் கிளம்புவது எல்லாவற்றையும் தாங்கும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், வழுக்கலும் இல்லை, எரிபொருள் விரயமும் பெரிதாக இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோலைக் குடிக்கும் என்பது நான்கு கியர் காலத்துப் பேச்சு.

ஒன்று மட்டும் கேளுங்கள். "கியர் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவனே மாற்றச் சொல்லும்போது விற்கிறவர் வேண்டாம் என்றால் யார் பேச்சைக் கேட்பது?


இடதுகால் ஓய்வு எழுதியது:

அண்ணா, ஆட்டோமேட்டிக் என்றாலே எலக்ட்ரானிக்ஸ் என்கிற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் வந்தது. நான்கு கியர், தானாக மாறும், கிளட்ச் மிதியே இல்லை, அதில் கம்ப்யூட்டர் என்ன, ஒரு ட்ரான்சிஸ்டர்கூடக் கிடையாது, ட்ரான்சிஸ்டரைக் கண்டுபிடித்ததே 1947இல்தான். எண்ணெய் அழுத்தம், வால்வுகள், வேகத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் ஒரு கவர்னர், இவ்வளவை வைத்தே எப்போது கியர் மாற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் உள்ளே வந்ததெல்லாம் எண்பதுகளில்தான். அதனால் கிளட்ச் மிதி இல்லை என்பதற்கும் திரையும் பீப் சத்தமும் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

எனக்கு இடது முழங்கால் மூட்டுத் தேய்மானம். நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வண்டி ஓட்டுவதையே விட்டுவிடலாம் என்கிற நிலைக்கு வந்திருந்தேன். ஆட்டோமேட்டிக் வந்த பிறகுதான் தனியாக வெளியூர் போகிற தைரியம் திரும்ப வந்தது. மேனுவல் ஓட்டத் தெரியாதவன் ஓட்டுநரே இல்லை என்று எழுதுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் கேட்பவருக்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பழகும்போது ஒரே ஒரு விஷயம். இடதுகாலை முழுக்க ஒதுக்கி வைத்துவிடுங்கள், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலதுகால் ஒன்றுக்குத்தான். கிளட்சை அழுத்திப் பழகிய இடதுகால் பிரேக்கைத் தொட்டால் அதே வேகத்தில் அழுத்தும், பின்னால் வருகிறவர் பாவம். முதல் சில நாட்கள் கூட்டமில்லாத இடத்தில் ஓட்டுவது நல்லது.


மலைப்பாதைக்காரன் எழுதியது:

மேலே சொன்ன இருவரும் நெரிசலை மட்டும் நினைத்துப் பேசுகிறார்கள். மலை இறக்கத்தில் நீளமாக இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் மேனுவலின் அருமை. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கு என்பார்கள். இரண்டாவதில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக்கில் முன்னோக்கி ஓட்டுகிற 'டி'யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களின் வண்டி அடிவாரத்தில் கருகல் வாடையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது, இதில் விளையாட்டே கிடையாது.

புது ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோட் இருக்கிறது, தாழ்ந்த கியரிலேயே வைக்கிற 'எல்' இருக்கிறது, சரிதான். இறக்கத்தில் தானாகவே கியரைக் குறைக்கிற புத்திசாலி பாக்ஸும் உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் எத்தனை பேர்? மேனுவலில் கியர் உங்கள் கையிலேயே இருப்பதால் மறக்க முடியாது. வளைவு வருமுன்னே கியரைக் குறைத்துத் தயாராக இருக்கலாம், கம்ப்யூட்டருக்கு அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது, வேகத்தையும் மிதியையும் வைத்துத்தான் ஊகிக்கும். பேட்டரி இறங்கினாலும் மேனுவலைத் தள்ளிக் கிளப்பலாம், ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. இழுத்துப் போவதிலும் கவனம் வேண்டும், இயங்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் எஞ்சின் ஓடாதபோது பாக்ஸுக்குள் எண்ணெய் பம்ப் சுற்றாது, வறண்டு வீணாகிவிடும்.

எனக்கு மேனுவல்தான். விற்பனையில் மேனுவல் குறைந்துகொண்டே போகிறது, அமெரிக்காவில் புது வண்டிகளில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, கோல்ஃப் ஜிடிஐ போன்ற வண்டியிலேயே மேனுவலை நிறுத்திவிட்டார்கள். கிடைக்கிற வரை வாங்கி ஓட்டுவதுதான் அதை உயிரோடு வைக்கிற ஒரே வழி.


நான்கு சக்கரம் எழுதியது:

எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிய வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், ஈஎஸ்சி, ஏர்பேக் இந்த மூன்றும் இல்லாத வண்டியைத் தேடிப் போகாதீர்கள்.

ஏபிஎஸ் 1978இல் போஷ் செய்து மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது, வண்டியின் நிலைதடுமாற்றத்தைப் பிடிக்கிற ஈஎஸ்சி 1995இல் அதே கூட்டணியிலிருந்து. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் பயணிகள் வண்டிகளுக்கும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஈஎஸ்சி கட்டாயம். அது என்ன செய்கிறது என்று பாருங்கள்: ஸ்டியரிங்கை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது, இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குகிறது. நம்மிடம் ஒரு பிரேக் மிதிதான் இருக்கிறது, எவ்வளவு திறமை இருந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடிக்க ஒரு மனிதனால் முடியாது. அதோடு, நீங்கள் சரியாக ஓட்டுகிற நாள் முழுக்க அது வாயையே திறக்காது. நல்ல எலக்ட்ரானிக்ஸுக்கு எனக்கு இதுதான் அடையாளம். சேற்றிலோ மணலிலோ சிக்கிக்கொண்டால் மட்டும் அதை அணைக்க வேண்டிவரும், சக்கரம் சுழன்றால்தானே வெளியே வர முடியும்.

தொல்லை தருவது வேறு வகை, நாம் ஒழுங்காக ஓட்டும்போதும் குறுக்கிடுகிறவை. அவை ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் திரும்ப வந்து உட்காருவதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட்-ஸ்டாப் இருப்பதால் கிடைக்கிற சிக்கனத்தைப் புகை, எரிபொருள் சோதனையில் கணக்கில் காட்ட வேண்டுமானால், கிளப்பும்போது அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தாக வேண்டும். ஓட்டுநர் ஒருமுறை அணைத்ததை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. வேக வரம்பைத் தாண்டினால் கத்துகிற வேக எச்சரிக்கையும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புதிதாக அனுமதி பெறும் மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புது வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயமானது. அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை கிளப்பும்போது தானாக உயிர் பெற வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. பல மாடல்கள் பல நாடுகளுக்குப் பொதுவாகத் தயாராவதால் அந்த விதி இல்லாத இடங்களிலும் சில வண்டிகளில் இதே நடத்தை வந்துவிடுகிறது.

எனக்கு இதில் கோபம் வருவது எங்கே என்றால், கேமரா ஒரு பழைய வேகப் பலகையைத் தவறாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்துகிற இடத்தில். தவறான எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டு நாளடைவில் காது மரத்துப்போகும், அப்புறம் உண்மையான எச்சரிக்கையும் காதில் விழாது. பாதுகாப்புக்கென்று வைத்ததே பாதுகாப்பைக் கெடுக்கிறது.

உங்கள் சைக்கிள் விஷயத்துக்கு: ஒதுங்குமுன் இண்டிகேட்டர் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங் எதிர்க்காது. போடாமல் ஒதுங்கினாலும் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்தால் விட்டுக்கொடுத்துவிடும். ஆனாலும் உங்கள் கோபம் நியாயம்தான். கோட்டைப் பார்க்கிற கேமராவுக்குச் சைக்கிள்காரரும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.


குமிழ் போதும் எழுதியது:

திரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்வீடனில் வி பிலேகரே என்கிற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. ஏசி வெப்பத்தை மாற்றுவது, ரேடியோவை மாற்றுவது போன்ற சில சாதாரண வேலைகளை 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். ஓட்டுநர்களுக்கு வண்டியை முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். வென்றது 2005ஆம் வருடத்து வால்வோ வி70, திரையே இல்லாத பழைய வண்டி, 10 நொடி, அதற்குள் போன தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த புது வண்டிக்கு 44 நொடிக்கு மேல் ஆனது, தூரம் 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாதிக் கவனத்தோடு ஓடியிருக்கிறது அந்த வண்டி.

இது கார்க்காரர்கள் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2017இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் சிங்கப்பூர் அருகே ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது, மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். விசாரணையில் தொடுதிரைக் கட்டுப்பாடு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, அதன் பிறகு 2019இல் அந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டை மறுபடி கைப்பிடிக்கே மாற்றுவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. பயிற்சி பெற்ற மாலுமிகளுக்கே அப்படி என்றால், பின் சீட்டில் குழந்தை அழ, மழையில் வண்டி ஓட்டுகிற நமக்கு?

கியர் லீவரிலும் இதே பாடம் நடந்தது. ஃபியட் கிறைஸ்லர் 2016இல் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த எலக்ட்ரானிக் லீவர் எந்தக் கியர் போட்டாலும் கையை விட்டதும் நடுவுக்கே வந்துவிடும், வண்டியை நிறுத்திப் பூட்டுகிற 'பி'யில் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. 'பி'யில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்கள் மீதே வண்டி உருண்டிருக்கிறது. ஒரு லீவர் இருக்கிற இடத்தை வைத்தே கைக்குத் தகவல் சொல்ல வேண்டும், அது அழகுக்காக இருக்கிற பொருள் இல்லை.

இப்போதாவது காற்று மாறுகிறது. வண்டிகளின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடுகிற யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு இவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, மென்பொருளுக்கு ஆயுள் குறைவு. டெஸ்லா 2021இல் எஸ், எக்ஸ் மாடல்களில் 1,34,000க்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது, திரையின் மெமரி சிப் எழுதி எழுதித் தேய்ந்து போனதால். அது போனால் திரையோடு சேர்ந்து ரிவர்ஸ் கேமராவும் போய்விடும். 2022இல் அமெரிக்காவில் 3ஜி சேவையை நிறுத்தியபோது பல வண்டிகளின் அவசர அழைப்பு வசதி ஒரே நாளில் செத்தது, வண்டியில் ஒரு பாகமும் பழுதாகவில்லை. வண்டி நம்மைப் பற்றி எங்கே என்ன அனுப்புகிறது என்பது இன்னும் மோசம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கிற மொசில்லா அமைப்பு 2023இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமை நடைமுறைகளைப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. வாங்கும்போது கையெழுத்துப் போடச் சொல்கிற காகிதங்களில் 'இணைப்புச் சேவை' என்று ஒன்று இருக்கும், அதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.


பழைய கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. கியரையும் எலக்ட்ரானிக்ஸையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது எனக்குப் பெரிய தெளிவு. வீட்டிலும் பேசினேன், ஆட்டோமேட்டிக் கேட்டவருக்கு முதுகுவலி, அதனால் கிளட்ச் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆக டார்க் கன்வர்ட்டர் பக்கம் சாய்கிறேன், மலைப்பாதைக்காரர் மன்னிக்க வேண்டும்.

ஆனால் புது வண்டியா, சில வருடம் ஓடிய பழைய வண்டியா என்பதில் குழப்பம். பொத்தான்களோடு வந்த கடைசித் தலைமுறை மாடல்களில் நல்ல ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இருக்கிறது, ஏபிஎஸ், ஈஎஸ்சி எல்லாம் இருக்கிறது, கோட்டுக்கு இழுக்கிற ஸ்டியரிங் இல்லை. அப்படி ஒன்று எடுத்தால் எதைப் பார்த்து எடுப்பது? எலக்ட்ரிக் கைபிரேக் இருந்தால் பயப்பட வேண்டுமா?


ஸ்பேனர் கை எழுதியது:

நல்ல யோசனை, என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எலக்ட்ரிக் கைபிரேக்குக்குப் பயம் வேண்டாம், ஆனால் விவரம் தெரிய வேண்டும். பெரும்பாலானவற்றில் பின் சக்கர பிரேக்கின் பிடியான காலிப்பரிலேயே ஒரு சின்ன மோட்டார் இருக்கும், அது திருகைச் சுற்றி பிரேக் பேடை இறுக்கும். பேட் மாற்றும்போது பழைய முறையில் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளப் பார்த்தால் மோட்டாரின் பல் உடைந்துவிடும். ஸ்கேனர் மூலமோ, அந்த மாடலுக்கென்று உள்ள மிதி-பொத்தான் வரிசையாலோ முதலில் சர்வீஸ் மோடில் போட்டு, மோட்டாரைப் பின்வாங்க வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள், 'அதெல்லாம் தேவையில்லை, கிளாம்ப் போட்டு அழுத்தினால் போகும்' என்றால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

பாக்ஸைச் சோதிக்க எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு 'பி'யிலிருந்து ரிவர்ஸ், அப்புறம் 'டி', ஒவ்வொன்றிலும் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும், தாமதித்து 'டொக்' என்று அடித்தால் நல்லதில்லை. பிறகு சூடாகும் வரை ஓட்டி, 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரைப் பட்டும் படாமலும் பிடியுங்கள். லாக்-அப் கிளட்ச் பிடிக்கிற நேரம் அது. சாலையின் ஓரம் வரிவரியாக இருக்குமே, அதன் மேல் ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம் வந்தால் ஆயில் கெட்டிருக்கிறது அல்லது கன்வர்ட்டர் தேய்ந்திருக்கிறது. ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நிறுத்தும்போது, முக்கியமாகச் சரிவில், முதலில் கைபிரேக், அப்புறம் பிரேக் மிதியைக் கொஞ்சம் தளர்த்தி வண்டி கைபிரேக்கில் உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு 'பி'. 'பி' என்பது உள்ளே விரல் அளவுள்ள ஒரு கொக்கி பல்லில் மாட்டுவதுதான், வண்டியின் முழு எடையையும் அதில் தொங்கவிடக் கூடாது.

ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள மாடலானால் பேட்டரி என்ன வகை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைதான் போட வேண்டும், முந்தைய உரிமையாளர் சாதாரண பேட்டரி போட்டிருந்தால் சீக்கிரமே போகும். பல வண்டிகளில் புது பேட்டரி போட்டதைக் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கான சார்ஜையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, நீங்கள் வேண்டாம் என்று சொல்கிற அதே எலக்ட்ரானிக்ஸ் இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு ஓபிடி ஸ்கேனரைச் செருகி பிழைக் குறியீடு மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுகிற 'ரெடினெஸ்' என்கிற பகுதியையும் பாருங்கள். பிழையே இல்லை, ஆனால் அங்கே பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.